இட்ரிஸ் தண்ணீர் ஊற்றிய கோட்டை

முட்டை வாங்க வருகிறவர் முகத்தை இட்ரிஸ் ப்ரோபர்ட் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறான். பூட்ஸில் சேறோ சாணமோ ஒட்டியிருந்தால் முட்டை உண்டு. பளபளவென்று இருந்தால், "கோழி இப்பல்லாம் போடறதில்லைங்க" என்று கதவைச் சாத்திவிடுவான். அந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் கோழி கொக்கரித்தாலும் முகம் மாறாது.

பளபளக்கும் பூட்ஸ் என்றால் அவனுக்குத் தொல்லியல் ஆபீஸ் ஆள். பயத்துக்குக் காரணம் அவனுடைய மேட்டு வயல். அங்கேதான் அந்தக் காலத்துப் பிரபுவின் கோட்டை இருந்தது. பிரபு போனதும் ஊரார் சுவரைப் பெயர்த்து மாட்டுக் கொட்டில் கட்டிக்கொண்டார்கள். ப்ரோபர்ட் வீட்டு முப்பாட்டன்மார் அதில் முந்திக்கொண்டவர்கள். நான் அப்படியில்லை. மீசை முளைக்கும் முன்பே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுப் பன்றி வியாபாரத்தில் இறங்கியவன். இந்த வேல்ஸ் எல்லையில் பெவன் என்றால் தெரியாத சந்தை கிடையாது. என் வீட்டின் ஒவ்வொரு கல்லும் காசு கொடுத்து வாங்கியது.

ஆபீஸ் வரைபடம் கோட்டையைத் தேவாலயத்துக்குப் பின்னால் காட்டுகிறது. ஊரும் வாய் திறப்பதில்லை. மேட்டு வயலில்தான் இட்ரிஸின் மகள் நெஸ்டா வீடு கட்ட மனுப் போட்டிருக்கிறாள். புருஷனும் இரண்டு சின்னக் குழந்தைகளுமாக அப்பன் வீட்டு முற்றத்தில் நிற்கும் கேரவன் வண்டியில் காலம் தள்ளுகிறாள். குளிர்காலத்தில் குழந்தைகளின் கம்பளிகூட நசநசத்துக் கிடக்கும். அடியில் கோட்டைச் சுவரின் அஸ்திவாரம் இருப்பது தெரிந்தால் ஒரு செங்கல் வைக்க விடமாட்டார்கள்.

இந்தக் கோடையில் மழை பொய்த்தது. புதைந்த சுவருக்கு மேலே மண் மெலிசு. வெயில் காய்ச்சினால் அங்கே புல் முதலில் வெளுத்துக் கோடு காட்டும். அந்தக் கோடுகளைப் படமெடுக்கவே ஆபீஸ்காரர்கள் சின்ன விமானத்தில் சுற்றுவார்கள். வானத்தில் பருந்து வந்தாலும் இட்ரிஸுக்குச் சந்தேகம்.

எனக்கு அவன்மேல் சந்தேகம். ஊரே தண்ணீருக்குத் தவிக்க, விடியற்காலையில் அவன் டிராக்டர் ஒரு தொட்டியை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறியது. மறித்தேன்.

"ஓடைத் தண்ணிய எங்கடா கொண்டு போறே?"

"மேல பூசணி போட்டிருக்கேண்ணே."

"புல்லுக்கு நடுவுலயா?"

"எங்க போட்டா உங்களுக்கென்ன? யாரு அனுப்பினா உங்களை?"

பக்கத்து வயல்காரனையே கேட்கிறான்! அப்புறம் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கோடு தெரிய ஆரம்பிச்சுடுச்சுண்ணே. காஞ்சாத்தானே தெரியும்? நனைச்சுட்டா எவன் கண்ணுக்குப் படும்?"

கெட்டிக்காரத்தனம்தான் என்று நானும் நினைத்தேன், என் குன்றிலிருந்து பார்க்கும்வரை. கோடை முற்றி, வயல் முழுக்க வைக்கோல் நிறமாகிவிட்டிருந்தது. இட்ரிஸ் தண்ணீர் விட்ட இடம் மட்டும் பச்சை. மூலைக்கு மூலை வட்டக் கோபுரம், இடையில் நேர் நேராகச் சுவர், தெற்கே வாசலுக்கு ஓர் இடைவெளி. வரைபடக்காரன்கூட இவ்வளவு சுத்தமாகப் போடமாட்டான்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். "டேய், நீ கோட்டையை மறைக்கல. பச்சை மையில வரைஞ்சு வெச்சிருக்கே."

"ஓஹோ! பயமுறுத்தி வயலை அடிமாட்டு வெலைக்கு அமுக்கப் பாக்கறீங்களா?"

"உன் கட்டாந்தரைய வாங்கித்தான் நான் ஆளாகணுமாக்கும்! ஏறி வந்து பாருடா."

என்னை முன்னால் நடக்கவிட்டு, இரண்டடி தள்ளியே குன்றேறினான். உச்சியில் நின்று கோபுரம் கோபுரமாக விரல் விட்டு எண்ணினான். பிறகு, "நெஸ்டாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே" என்றான். அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் தெற்கே அந்த உறுமல் கேட்டது. சின்ன விமானம்.

இட்ரிஸ் சரிவில் உருண்டோடாத குறையாக ஓடினான். பட்டியைத் திறந்து வெள்ளைச் செம்மறியாடுகளை மேட்டு வயலுக்குள் விரட்டினான். வயல் முழுக்க ஆடு நின்றால் கோடு மறையும் என்பது கணக்கு. "பரவுங்கடி! அங்கங்க போய் நில்லுங்கடி!" என்று அவன் கத்தியது எனக்கு மேலே கேட்டது.

ஒரு மாதமாகச் சருகைக் கடித்த ஆடுகள். பச்சையைக் கண்டால் விடுமா? கோடு கோடாகப் போய் வரிசையில் குனிந்தன. மஞ்சள் தரையில், கோபுரமும் மதிலுமாக, வெள்ளைவெளேரென்று ஒரு கோட்டை எழுந்தது.

விமானம் ஒரு பக்கம் சாய்ந்து, வட்டமிடத் தொடங்கியது.

ஆட்டு வரிசையில் ஆடில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், பழைய வாசல். இட்ரிஸ் அங்கே ஓடிப்போய், இரண்டு கைகளையும் அகல விரித்து, வானத்தை முறைத்துக்கொண்டு நின்றான்.