படியில் எந்தக் கால் முதலில்

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிஸ்டாகப் போகிறேன். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் படியின் உயரம், கைப்பிடி, தரை வழுக்குமா, கழிப்பறைக் கதவின் அகலம் என்று மனத்துக்குள் குறித்துக்கொள்வேன். கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான். இந்தப் பள்ளியில் படியின் இரு பக்கமும் கைப்பிடி உண்டு, லிஃப்ட் கிடையாது.

ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவிக்குப் பிறந்ததிலிருந்தே வலது கால் பலவீனம். அவள் வகுப்புப் பிள்ளைகள் அடுத்துப் போகும் ஆறாம் வகுப்புப் பிரிவு மாடியில். ஆண்டு முடிவதற்குள் துணையில்லாமல் படியேறினால் தன் இரண்டு தோழிகளோடு மாடிக்குப் போகலாம், இல்லாவிட்டால் அவள் மட்டும் கீழே இருக்கும் வேறு பிரிவில் சேர வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

"அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது மிஸ்" என்றாள் அவள்.

ஏறும்போது பலமான கால் முதலில் போக வேண்டும். அவளுக்கு அது இடது. என்னோடு ஒழுங்காக ஏறுவாள். அடுத்த முறை வந்து பார்த்தால் வலது காலை முதலில் வைத்து, அது தாங்காமல் பாதியில் நிற்பாள். பயிற்சியை மாற்றினேன். ஷூவை மாற்றச் சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒருநாள் சீக்கிரமே போனேன். பள்ளியின் ஆயா அவளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வலது கால வச்சி ஏறு கண்ணு. மேல் கிளாஸுக்குப் போறே, நல்லபடியா போவணும்."

"அது என் சொத்தக் கால், ஆயாம்மா!"

"வாய மூடு. கால யாராச்சும் சொத்தன்னு சொல்லுவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தை விளக்கினேன்.

"இன்னா மிஸ், நல்ல காரியத்துக்குப் போய் எடது காலா?"

"இறங்கும்போது பலவீனமான கால்தான் முதல்ல, ஆயாம்மா. அப்ப வலது."

ஆயா யோசித்தார். "சரி, ஏறுறது உங்க இஷ்டம். எறங்குறது என் இஷ்டம்."

பரீட்சை முடிந்த அன்று தலைமையாசிரியை மாடியில் நின்று பார்த்தார். அவள் இடது காலை வைத்து ஏறினாள். நடுவில் ஒருமுறை நின்றாள். ஆயா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் மறுபடி ஏறினாள்.

"மாடியிலேயே உட்காரட்டும்" என்றார் தலைமையாசிரியை.

அவள் காதில் அது விழுந்ததோ என்னவோ, நேராக ஆறாம் வகுப்புக்குள் போய் ஜன்னலோர பெஞ்சில் கர்சீப்பைப் போட்டாள்.

"ஸ்கூல் திறக்க இன்னும் நாள் இருக்குடி" என்றேன்.

"இருக்கட்டும் மிஸ். எங்க மூணு பேருக்கும் சேத்து எடம் புடிச்சாச்சு."