காலடிப் பனி

நான் முதன்முதலில் ஒருவரை வேலைக்கு எடுத்தபோது எனக்கு எட்டு வயது. மாமாவைக் கேட்டால் எடுத்தது தான்தான் என்பார். அவர் பிடிவாதக்காரர், கேட்க வேண்டாம்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஒஸ்லோவின் ஐந்தாம் இலக்க ரயில் இதற்குமேல் போக இடமில்லை என்று நின்றுவிடும் வெஸ்ட்லியில், ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு சமையல்கூடம் வைத்திருந்தார். பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் என்று நம்மவர்கள் கூடும் இடங்களுக்கெல்லாம், கறியை உள்ளே வைத்துப் பொரிக்கும் ரோல்ஸும் பற்றிஸும் அங்கேயிருந்துதான் போகும். பள்ளிக்கூடம் விட்டதும், அம்மாவும் அப்பாவும் வேலையால் வரும்வரை நானும் அங்கேதான். குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே வெளியே நீலம் இறங்கிவிடும். யன்னலில் படிந்த ஆவியில் விரலால் ஒரு வட்டம் துடைத்தால், ரயில் வெளிச்சமாக வந்து நின்று, கொஞ்சம் யோசித்து, வந்த வழியே திரும்பிப் போவது தெரியும். எண்ணெய்ச் சட்டியின் சத்தத்தைக் கேட்டபடி கோதுமைமா மூட்டைமேல் பாதித் தூக்கத்தில் கிடந்த அந்தப் பின்னேரங்களில் எது நடந்தது, எது நான் கண்ட கனவு என்று இன்றைக்கும் என்னால் முழுதாகப் பிரிக்க முடிவதில்லை. ஆனால் இது நடந்தது.

ரோல்ஸ் சுற்ற ஆள் தேவைப்பட்டபோது நாலு பேர் வந்தார்கள். ஒருவர் கொழும்பு ஹோட்டலில் வேலை செய்ததற்கான சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தார். மாமா அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். நாலு பேருக்கும் மாவும் கறியும் கொடுத்து, ஆளுக்கு ஒரேயொரு ரோல் செய்யச் சொன்னார். பொரித்ததை என் தட்டில் வைத்தார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். சான்றிதழ்க்காரரின் ரோல் எண்ணெய்க்குள்ளேயே வாயைத் திறந்துவிட்டது. கடைசியாக வந்த அன்ரி சுற்றியது அப்படியே மூடி நின்றது. நான் முழுவதையும் தின்றுவிட்டு, "இன்னொண்டு" என்றேன்.

மாமா அவர் பக்கம் திரும்பி, "நாளைக்கு வாங்கோ, தங்கச்சி" என்றார்.

அன்றிலிருந்து அவர் என் ஆள். எனக்கு அதில் பெரிய கர்வம். அன்ரி அதே தொடர்மாடி வளாகத்தில், ஏழாம் மாடியில் தனியே இருந்தார். கதை குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. மிஞ்சிய மாவில் மட்டும் எனக்கென்று சின்ன மீன் ஒன்று செய்து, மிளகால் கண் வைத்துப் பொரித்துத் தருவார். அந்த மீனுக்காகவே நான் அவரை நேசித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்ரியின் கைப்பக்குவம் ஊரெல்லாம் பரவியது. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பியோர்ண்டாலில் இருந்துகூட ஆட்கள் பஸ்ஸும் ரயிலும் மாறி வந்து வாங்கினார்கள். நல்ல பெயர் பரவினால் நல்லவர்கள் காதோடு அது நிற்பதில்லை. பக்கத்து நகரமான திராமனில் பெரிதாகக் கடை திறந்த ஒருவர் அன்ரிக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார். கூடின சம்பளம், ஏற்றி இறக்கக் கார். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அன்ரி போனால் கடையை மூடவேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். எனக்கு மீன் போய்விடும் என்பதும் உடனே விளங்கியது.

அந்த நேரம் பார்த்து, சின்ன முதலாளிமாருக்கு இலவசமாக நடந்த ஒரு வகுப்புக்கு மாமா போய்வந்தார். நீல நிறக் கோப்பு ஒன்றோடு திரும்பினார். நோர்வேஜிய மொழி எனக்குத்தான் நன்றாக வரும் என்பதால், மாமூட்டைமேல் இருந்து அதை வாசித்துச் சொன்னேன். நல்ல வேலையாளைத் தக்கவைக்க வேண்டுமானால் பாராட்டுங்கள். எல்லோருக்கும் முன்னால் பாராட்டுங்கள். பொதுவாகச் சொல்லாமல், என்ன செய்தார், எவ்வளவு செய்தார் என்று விபரமாகச் சொல்லுங்கள்.

மாமாவின் வாயிலிருந்து அதுவரை வந்த ஆகப்பெரிய பாராட்டு "பரவாயில்லை" என்பதுதான். அதையும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் கோப்பில் இருந்ததை அவர் டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்தாக எடுத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை கடை நிறைய ஆட்கள். மாமா ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, கைதட்டி எல்லோரையும் அமைதியாக்கினார்.

"எங்கட தங்கச்சி ஒரு மணித்தியாலத்தில எழுவது ரோல்ஸ் சுத்துவா. வந்த நாளிலயிருந்து ஒண்டுகூட வெடிக்கேல்லை. இப்பிடிக் கை ஒஸ்லோவில வேற ஆருக்கும் இல்லை!"

நான்தான் முதலில் கைதட்டினேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். மற்றவர்களின் முகம் செத்துப்போனது. பற்றிஸ் வாங்க வந்த ஒரு அம்மா, "உதுகளை எண்ணிச் சொல்லுவினமே, கடவுளே" என்று நெஞ்சில் கை வைத்தார். அன்ரி தன் இரண்டு கைகளையும் ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் சட்டியிலேயே ரோல்ஸ் எல்லாம் வரிசையாக வெடித்தன. எண்ணெய் சீறி அன்ரியின் வலது மணிக்கட்டில் பட்டது. அவர் அடுப்பை நிற்பாட்டினார். கையைத் தண்ணீரில் பிடித்தார். பிறகு குளிரங்கியைப் போட்டுக்கொண்டு, "அண்ணை, எனக்கு இனி இஞ்சை சரிவராது" என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நாலு நாள் அவர் வரவில்லை. மாமா தானே சுற்றிப் பார்த்தார். அவற்றை ரோல்ஸ் என்று சொல்ல என் மனச்சாட்சி இடம்தரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமா செத்தல் மிளகாயும் உப்பும் ஒரு பையில் போட்டார். நீலக் கோப்பையும் ஏனோ எடுத்துக்கொண்டார். "வா பிள்ளை, நாவூறு கழிக்கவேணும்" என்றார். புகழ்ந்து ஆருடைய வாய் பட்டதோ அந்த ஆளின் காலடி மண்ணை எடுத்து, மிளகாய் உப்போடு சுற்றி, நெருப்பில் போடவேண்டும். எங்கள் வீடுகளில் அதுதான் முறை. ஆனால் அது மாசி மாதம். மண் பனிக்கு அடியில் எங்கேயோ கிடந்தது.

அன்ரியின் தொடர்மாடிக்கு முன்னால் யாரும் மிதிக்காத பனிப்பரப்பு நீலமாகக் கிடந்தது. மாமா அதில் இறங்கி ஓரடி வைத்தார். திரும்பினார். முழங்காலைப் பிடித்தபடி குனிந்து, தன் சப்பாத்து பதிந்த இடத்தைக் கரண்டியால் சுரண்டி, ஒரு எவர்சில்வர் பேணியில் போட்டார். வகுப்புப் பிள்ளைகள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு மானம் போனது. அண்ணாந்து பார்த்தேன். ஏழாம் மாடி யன்னலில் அன்ரி நின்றார். நான் கை காட்டினேன். அவர் திருப்பிக் காட்டவில்லை.

லிப்ட் மேலே போய்ச் சேர்வதற்குள் காலடி பாதி தண்ணீராகிவிட்டது. அன்ரி கதவைத் திறந்து வழிவிட்டார். கதிரையில் வெள்ளை மேலங்கி ஒன்று மடித்து வைத்திருந்தது. நெஞ்சுப் பக்கத்தில் திராமன் கடையின் பெயர் தைத்திருந்தது. மாமா அதைப் பார்த்தார், பார்க்காதது போல அன்ரியைக் கிழக்குப் பார்த்து இருத்தினார். மூன்றுதரம் தலையைச் சுற்றி, எல்லாவற்றையும் சூடேறிய சட்டியில் கொட்டினார். சட்டி சீறியது. புகை எழும்பியது. கூரையில் இருந்த புகைக்கருவி வளாகம் முழுவதையும் எழுப்புவதுபோல அலறத் தொடங்கியது. மாமா கதிரையில் ஏறி நீலக் கோப்பால் அதற்கு விசிறினார். நோர்வேஜியர்கள் கொடுத்த அந்தக் கோப்பு உருப்படியாகப் பயன்பட்டதை நான் கண்டது அப்போதுதான்.

பக்கத்து வீட்டு நோர்வேஜியக் கிழவர் வீட்டுச் செருப்போடு வந்து, என்ன எரிகிறது என்று கேட்டார். "என்ரை மாமா தன்ரை வேலையாளைப் பாராட்டிப்போட்டார், இப்ப அதைத் திருப்பி எடுக்கிறார்" என்று அவருடைய மொழியில் சொன்னேன். அவர் தலையை மெதுவாக ஆட்டி, தானும் முதலாளிமாருக்குக் கீழ் வேலை செய்தவர்தான் என்றுவிட்டுப் போனார். அதைக் கேட்ட அன்ரி சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, இருமிக்கொண்டு சிரித்தார்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அன்ரி வழமையான இடத்தில் நின்றார். சூடான சட்டியைப் பிடிக்கும் துணி புதிதாக இருந்தது. விரித்துப் பார்த்தேன். திராமன் கடையின் பெயர் அதில் அரைவாசி இருந்தது. மாமா முதல் ரோலைக் கடித்து, யன்னலைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்லை" என்றார். அந்தச் சமையல்கூடம் மூடும்வரை அன்ரி அங்கேதான் இருந்தார்.

இப்போது நான் ஒரு பெரிய அலுவலகத்தில், நல்ல வேலையாட்கள் ஏன் போகிறார்கள் என்று யோசிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறேன். என் மேசையிலும் அதேமாதிரிக் கோப்புகள் உண்டு. தவறு செய்த மேலாளர்கள் தினமும் வருகிறார்கள். அவர்களைக் கேட்டால் குற்றம் சந்தையில் இருக்கும், போட்டியில் இருக்கும், இந்தக் காலத்துப் பிள்ளைகளில் இருக்கும். அன்று மாமாவுக்கும் பழிபோட ஆளில்லாமல் இல்லை. கடை நிறைய ஆட்கள் நின்றார்கள், கைதட்டியவர்களும் இருந்தோம். தன் வாய்தான் பட்டது என்று ஒத்துக்கொண்டு, தன் காலடியைத் தானே குனிந்து அள்ளிய ஒரு மனிதரை நான் பிறகு எங்கேயும் காணவில்லை.

அன்ரி மேலே நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானோ, கை காட்டியும் அவர் காட்டவில்லையே என்று, ஏழு மாடியும் லிப்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன்.