காவேரி தூக்கிக் கொடுத்த பந்து

காவேரி அப்படி என்ன செய்துவிட்டாள் என்று கேட்ட மனிதரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

மார்டள்ளியிலிருந்து கட்டட வேலைக்காக மைசூருக்கு வந்த குடும்பம் அவளுடையது. 1993-இல் மேட்டகள்ளிப் பக்கம் ரேடியோ பாகங்கள் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். நானும் அங்கே தற்காலிகம்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் கிடங்குக்குப் பின்னால் வலை கட்டி நாங்கள் வாலிபால் ஆடுவோம். வந்த புதிதிலேயே அவளையும் இழுத்துக்கொண்டோம்.

வாலிபால் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் புரியாது. வலைக்கு இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர். எதிராளி அனுப்பிய பந்து நம் தரையில் விழக்கூடாது. மூன்று தொடுதலுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருத்தியே அடுத்தடுத்து இரண்டு முறை தொடக்கூடாது. முதல் தொடுதலில் பந்தை வாங்குகிறோம். மூன்றாவதில் ஒருத்தி எகிறி ஓங்கி அடிக்கிறாள். அதுதான் ஸ்மாஷ், கைதட்டல் எல்லாம் அதற்குத்தான். நடுவில் இரண்டாவது தொடுதல் ஒன்று இருக்கிறதே, அதை எவரும் பார்ப்பதில்லை. கன்னாபின்னாவென்று வருகிற பந்துக்கு அடியில் ஓடிப் போய் நின்று, அடிப்பவளின் கைக்குத் தோதான உயரத்தில், வலையை ஒட்டி விரல் நுனியால் தூக்கிவிட வேண்டும். அதைச் செய்பவள் லிஃப்டர். காவேரி எங்கள் லிஃப்டர். ஸ்மாஷ் அடித்துப் பெயர் வாங்கியவள் நான்.

அடுத்த வருடம் தொழிற்சாலைப் பெண்களுக்கான போட்டி ஒன்று வந்தது. மேனேஜர் இராமச்சந்திரன் எங்களைக் கூப்பிட்டு, "கப்போட வாங்கம்மா. டீம்ல ஆடற எல்லாரையும் பர்மனென்ட் பண்ணிடறேன்" என்றார். காவேரியின் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. எங்கள் எல்லாரையும்விட அந்த வேலை அவளுக்குத்தான் வேண்டியிருந்தது.

கப்போடுதான் வந்தோம். ஆடியது ஆறு பேர். நிரந்தரமானது ஐந்து பேர். காவேரி பெயர் இல்லை.

நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

"அந்தப் பொண்ணா? ஆட்டம் முழுக்கப் பார்த்தேனே. ஒரு பந்துகூட அந்தப் பக்கம் அடிக்கலையே தேவம்மா. சும்மா மேல மேல தூக்கிப் போட்டுட்டு இருந்தா. அப்படி என்ன செஞ்சுட்டா அவ?"

"அவ தூக்கிக் குடுக்கலைன்னா நான் எதை சார் அடிக்கறது?"

"அதை வேற யாராவது தூக்குவாங்க, போம்மா."

முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்த்த மனிதர் பேசுகிற பேச்சா இது?

அந்த மாதமே தொழிற்சாலை ஆண்டு விழா வந்தது. பக்கத்துத் தொழிற்சாலைப் பெண்களோடு ஒரு ஆட்டம் வைத்தார்கள். மேனேஜர் அதே முன்வரிசையில் இருந்தார். காவேரி வழக்கம்போல அழகாகத் தூக்கினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பந்து எங்கள் பக்கமே விழுந்தது. அடுத்ததையும் விட்டேன். கூட்டம் கூச்சல் போட்டது.

காவேரி என்னிடம் வந்தாள். "என்னாச்சுங்க்கா?"

"உன் அருமை அந்த ஆளுக்குத் தெரியட்டும். நான் அடிக்க மாட்டேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "வேல போனாப் போவுதுங்க்கா. நான் தூக்குன பந்தக் கீழ உடாதீங்க. அதுக்கு என்னையவே நாலு அறை அறைஞ்சிருக்கலாம்."

அடித்தேன். அதற்குப் பிறகு ஒன்றைக்கூட விடவில்லை. ஜெயித்தோம், மாலை என் கழுத்தில் விழுந்தது. அடுத்த வாரம், ஆள் தேவையில்லை என்று காவேரியை நிறுத்திவிட்டார்கள்.

அன்று எங்களிடம் தோற்றுப்போன பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள்தான் அவளைத் தேடி வீட்டுக்கே போனார்கள். நிரந்தர வேலையும் கொடுத்தார்கள். வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

மறு வருடப் போட்டியில் இறுதி ஆட்டம் எங்களுக்கும் அவர்களுக்கும்தான். அவர்கள் பக்கம் ஸ்மாஷ் அடித்தவள் லிங்கம்மா. ஆண்டு விழாவில் பாதிப் பந்தை வலையிலேயே அடித்தவள். இப்போது காவேரி தூக்கிக் கொடுக்க, அவள் அடித்ததில் ஒன்றையும் எங்களால் வாங்க முடியவில்லை. தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் வேகமாக என்னிடம் வந்தார். "அந்த உயரமான பொண்ணு என்னமா அடிக்கறா! நம்ம கம்பெனிக்கு இழுத்துடணும். உடனே பர்மனென்ட்."

லிங்கம்மாவுக்கு முன்னால் காவேரி தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நகரும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவர் லிங்கம்மாவுக்குக் கை கொடுக்கப் போனார்.