தோற்றவர் பக்கம் உட்கார்ந்தவள்

என் வீட்டுக்காரருக்குச் சதுரங்கப் பைத்தியம் பிடித்தது சர்க்கரை ஆலை வாசலில். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் அங்கே வரிசையில் நின்றால் அரை நாள் நகராது. மற்ற டிரைவர்கள் நிழலில் துண்டை விரித்துத் தூங்க, இவர் மட்டும் செல்போனில் பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை நெட்டுருப் போடுவார். எந்த தேசத்திலோ எந்தக் காலத்திலோ ஆடியதை மணலூர்பேட்டைக்காரரான இவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை ஒப்பிப்பார். வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், எனக்குப் பெருமை தாங்காது.

ஆனால் போட்டிக்குப் போனால் தோல்விதான். முதல் தடவை எதிராளி ஆரம்பத்திலேயே வேறு காயை நகர்த்திவிட்டார். இவர் படித்ததில் அது இல்லை. கேள்வித்தாள் மாறிப்போன பிள்ளை போல விழித்துவிட்டு வந்தார்.

"ஏங்க, மனப்பாடம் பண்ணா போதுமா? அந்தக் காய ஏன் அங்க வைக்கறாங்கன்னு யோசிச்சீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தேன். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் போனைக் கவிழ்த்து வைத்து, அடுத்தது என்ன, ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

எதிரில் உட்கார ஆள் வேண்டுமே, மாட்டினேன் நான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பலகை விரியும். ஜெயித்தவர் பக்கம் அவருக்கு, தோற்றவர் பக்கம் எனக்கு. போனைப் பார்த்து, தோற்றவர் ஆடியதை அப்படியே நான் ஆட வேண்டும்.

"இன்னாங்க இது, எப்பப் பாத்தாலும் தோக்கறவ நானா?"

"நான் ஜெயிக்கக் கத்துக்கினு இருக்கேன் இல்ல, சும்மா வைம்மா."

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் ராணி ஒரு சிப்பாயைத் தின்ன ஆசைப்பட்டு, ராஜாவை நடுவில் தனியாக விட்டுவிட்டு மூலைக்கு ஓட வேண்டுமாம். மாட்டேன் என்று ராணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டேன்.

"கதவத் தொறந்து போட்டுட்டு எவளாவது கடைக்குப் போவாளா? மொதல்ல ராஜாவ ஓரமா ஒதுக்கிக் கோட்டை கட்டணும்ங்க."

"அவ்ளோ பெரிய ஆட்டக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று சிரித்தார். வைத்தேன், தோற்றேன்.

பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. கிளம்பும்போதே சொன்னார், "இந்த தபா ஒரு ஆட்டமாவது ஜெயிக்கல, போர்டப் பரண்ல போட்டுடறேன்." தொல்லை விட்டது என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். நானோ செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினேன்.

சாயங்காலம்வரை எல்லாம் தோல்வி. கடைசி ஆட்டம் மட்டும் மிச்சம், எதிரில் ஒரு திருக்கோவிலூர்க்காரர். கயிற்றுக்கு இப்பால் நின்று எட்டிப் பார்த்தேன், பகீரென்றது. என் ராணி மூலைக்கு ஓடிய அதே ஆட்டம்! அவரும் அதைப் படித்திருக்க வேண்டும், ஜெயித்தவர் வழியில் மளமளவென்று வந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரருக்கு வாய்த்தது நான் தினம் ஆடும் பக்கம். மூலையில் அந்தச் சிப்பாய். பார்ப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கை ராணியிடம் போனது. தொடவில்லை, அப்படியே நின்றது. பிறகு பின்வாங்கி, ராஜாவைத் தூக்கிக் கோட்டை கட்டியது. அப்பாடா!

இப்போது திருக்கோவிலூர்க்காரர் விழித்தார், அவர் படித்ததில் அது இல்லை. இவருக்கோ ஏன், எதற்கு என்று யோசித்துப் பழக்கமாகியிருந்தது. நிதானமாக ஆடி ஜெயித்தார்.

"சிப்பாய எடுக்கக் கூடாதுன்னு எப்டிங்க புடிச்சீங்க?" என்று சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். வேறு ஆம்பிளையாக இருந்தால் மழுப்பியிருப்பான். இவர் என்னைக் கைகாட்டி, மண்டபமே கேட்கச் சொன்னார், "நான் எங்கங்க புடிச்சேன்? அது எங்க வூட்டுக்காரி சொன்னது. அன்னிக்கு நான் சிரிச்சேன்." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் காய்களை அடுக்கிவிட்டு, ஜெயித்தவர் பக்கத்தை என் முன்னால் திருப்பி வைத்தார். நான் பலகையைப் பழையபடி திருப்பினேன்.

"வேணாங்க. தோத்தவங்க பக்கத்துல இன்னும் எத்தினி கதவு தொறந்து கெடக்குதோ, நான் பாக்கறேன்."