மேலே ஒட்டி, கீழே விட்ட பிரேக்கு

மோட்டார் ரிப்பேர் தொழிலில் கெட்டுப்போன வண்டியைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. நம் கொட்டகைக்குள் நுழைந்ததும் நல்ல பிள்ளையாகிவிடுகிற வண்டியைக் கண்டுதான் பயம். சொந்தமாக வண்டி வைத்துச் சீரழிந்தவர்களுக்கும், அடுத்தவன் வண்டியைப் பிரித்துப் போட்டுச் சீரழிந்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும். போடிநாயக்கனூரில் மோட்டார் சத்தம் கேட்டால் தெருவே வாசலுக்கு ஓடி வந்த காலம் அது. மாட்டுவண்டிப் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்த என்னிடம், அந்தப் பழைய பந்தயக் கார் வந்து சேர்ந்தது.

நல்ல பிள்ளை

மலைச்சரிவில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த முதலாளி ஒருவர், சீமைக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய வண்டி. இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, எஞ்சின் மூடியைத் தோல்வாரால் இழுத்துக் கட்டியிருக்கும். வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது, மிடுக்கு மட்டும் குறையவில்லை. அதை ஓட்டியவர் என் மனைவியின் அண்ணன் சுப்பையா. அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டவன் நான்.

மார்கழி பிறந்ததும் புகார் வந்தது. தோட்டத்தில் காலையில் பிரேக்குப் பெடலை மிதித்தால் போனது போனபடி கிடக்கிறதாம், மேலே வருவதில்லையாம். பிரேக்கு சக்கரத்தைக் கவ்விக்கொண்டே இருக்க, வண்டி முக்கி முனகிக் கருகல் நாற்றத்தோடு வண்டிப்பாதையில் இறங்கும். என் கொட்டகைக்கு வந்த பிறகு மிதித்தால் பெடல் துள்ளித் துள்ளி எழும்! ஸ்பிரிங்கை மாற்றினேன். இழுப்புக் கம்பிகளைக் கழற்றி, நிமிர்த்தி, மறுபடி மாட்டினேன். மறுநாள் மேலே அதே கதை. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. சுப்பையா பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு தூங்கி வழிகிறார் என்று முடிவு கட்டிவிட்டார். வண்டியை என்னிடம் விட்டுவிட்டுக் கடைவீதிக்குக் கிளம்பும்போது என் முகத்துக்கு நேரே சொன்னார்:

“பெடலு ஒட்டலப்பா, ஒட்டுறது ஒம் மச்சான் காலு. தை பொறக்கட்டும், வேற டிரைவரப் பாத்துக்குறேன்.”

ஊரெல்லாம் வைத்தியர்

ஒரு வண்டிக்கு நோய் வந்தால் ஊரில் உள்ள எல்லோரும் வைத்தியராகிவிடுகிறார்கள். நான் வண்டிக்கடியில் மல்லாந்து கிடக்கிறேன். சுற்றிலும் கால்களாக நிற்கின்றன. துரை போன ஏக்கம் என்றது ஒரு கால். திருஷ்டி, பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்றது இன்னொன்று. ஏர்க்கலப்பைக்குக் கொழு அடிக்கப் பக்கத்துப் பட்டறைக்கு வந்த தேவாரம் ஊர்ச் சம்சாரி ஒருவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். “இது யானை வாடைக்கு மிரளுதப்பு. எங்க காளையும் இப்பிடித்தான், மலைப்பக்கம் போனா காலு நகராது” என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வெளியே வந்து, மோட்டாருக்கு மூக்கு ஏதய்யா, வாடை பிடிக்க என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. பளபளவென்றிருந்த ரேடியேட்டரைத் தட்டிக் காட்டினார்:

“மூக்கு இல்லாமலா முன்னாடி இம்புட்டுப் பெருசா வச்சிருக்கான்?”

வீட்டுக்குள் வந்த பிரேக்கு

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி பேச்சி சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றவில்லை. அண்ணன் வேலை போகப்போகிற சேதி எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. கைப்பிள்ளையோடு அண்ணி எங்கே போவாள், புருஷனைத் தூங்குமூஞ்சி என்று ஊரெல்லாம் சொன்னால் இன்னொரு முதலாளி எவன் வண்டியைக் கொடுப்பான் என்று ஆரம்பித்தாள். அவள் கேட்டது அத்தனையும் நியாயம். அதனால்தான் எனக்கு எரிச்சல். ஸ்பிரிங்கு, கம்பி என்று நான் செய்த வேலையை எல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டுக் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

“வண்டி மேல கெடந்து ஒட்டுது, நீங்க கீழ கெடந்து பாக்குறீக. ஒரு வாட்டி மேல போயித்தான் பாருங்களேன்.”

பனியில் பிடிபட்டது

முதலாளியும் சுப்பையாவும் வண்டியில் மேலே போய்விட, நான் தோட்டத்துக்கு அரிசி ஏற்றிப்போன மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு மலையேறினேன். மறுநாள் விடிந்தபோது குளிரில் என் தாடை தந்தி அடித்தது. தோட்டத்துக் கொட்டகையில் வண்டி நனைந்த கோழியாக நின்றது. ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன். போனது, வரவில்லை! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒட்டாத பெடலோடு மல்லுக்கட்டியவனுக்குத்தான் ஒட்டிய பெடலின் அருமை தெரியும். கால்பலகையைக் கழற்றி, பெடல் சுழலும் தண்டைத் தடவினேன். விரலில் வெள்ளையாக, கெட்டியாக ஏதோ வந்தது. மெழுகோ என்று தேய்த்தேன். உள்ளங்கைச் சூட்டில் உருகி வழிந்தது. முகர்ந்து பார்த்தேன். கல்யாண வீட்டுப் பெண்கள் கூட்டத்தின் நடுவே நிற்கிற மாதிரி இருந்தது. தேங்காயெண்ணெய்!

“மச்சான், சுடுதண்ணி கொண்டா, வெரசா!” என்று கத்தினேன். சத்தம் கேட்டு முதலாளி சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். இதற்கு யார் எண்ணெய் விட்டது என்று கேட்டேன். அவர் முகத்தில் பெருமை பொங்கியது. “நான்தாம்ப்பா. மாட்டு வண்டியச்சுக்குப் போடுற கறுப்பு மையவா துரை வண்டிக்குப் போடுறது? மார்கழி பொறந்ததுலேருந்து தெனம் சாயங்காலம் எங் கையால தேங்காயெண்ண விடுறேன். மலையாளத்துச் சரக்கு, சுத்தமானது. குளிருக்குக் கட்டியாப் போயிருது, அடுப்புல காட்டி உருக்கித்தான் விடுறேன்.”

சுப்பையா கொண்டுவந்த வெந்நீரைத் தண்டின் மேல் மெதுவாக ஊற்றினேன். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே பெடல் ‘டப்’பென்று எழுந்து நின்றது. உருக்கி விட்ட எண்ணெய் விடிவதற்குள் உறைந்து தண்டைப் பிடித்திருக்கிறது. இறங்க இறங்க எஞ்சின் சூட்டிலும் வெயிலிலும் இளகி, போடிக்கு வரும்போது ஒன்றும் தெரியாத பாப்பாவாகிவிட்டிருக்கிறது. சுப்பையா என்னைக் கட்டிப்பிடித்தார். வெந்நீர் தெறித்த சட்டையோடு நானும் கட்டிக்கொண்டேன். முதலாளி பெடலையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் கேட்டு வந்திருந்த அவருடைய சம்சாரம், அள்ளி முடியாத பறட்டைத் தலையோடு, எல்லாவற்றையும் கேட்டபடி பின்னால் நின்றிருந்தார்.

“அடுப்புல உருக்கி விட்டீகளாக்கும்! நான் தலைக்கு எண்ணெயில்லாம வேலைக்காரியவுல்ல தெனம் திட்டிக்கிட்டுக் கெடக்கேன்!”

இடம் மாறி உட்கார்ந்தது

தண்டை மண்ணெண்ணெயில் கழுவி, பனியிலும் உறையாத விளக்கெண்ணெய் விட்டேன். அடுத்த நாள் அதே பனியில் பெடல் சொன்னபடி கேட்டது. முதலாளி மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. தோட்டத்துக்காரர்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததும் இல்லை. நான் மாட்டுவண்டியில் ஊருக்கு இறங்கிய மறுநாள், அவரே போய் டிரைவர் இடத்தில் உட்கார்ந்தாராம். சுப்பையாவைப் பக்கத்து இருக்கையில் ஏறச் சொன்னாராம். நான் அப்போது கடைவீதியில் நின்றிருந்தேன். ஏலக்காய் மண்டிகளுக்கு நடுவே, ஊர் முழுக்கப் பார்க்க, முதலாளி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் சுப்பையா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக. மண்டி வாசலில் வண்டியை நிறுத்தியவர், எல்லோர் காதிலும் விழும்படி, “தை பொறந்தாலும் சித்திரை பொறந்தாலும் இந்த வண்டிக்கு சுப்பையாதான் டிரைவர்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்தில் போய், எப்படி இருக்கிறது மச்சான் என்று கேட்டேன். இறங்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“எல்லாம் சரிதான் மாப்ளே. சும்மா உக்காந்து வந்தா கைய எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல.”

அன்றிலிருந்து பிரேக்கு ஒட்டுகிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் வண்டிக்கடியில் படுப்பதில்லை. முதலாளிக்கு வண்டி மேல் எவ்வளவு பிரியம் என்றுதான் விசாரிக்கிறேன்.