ஆள் இல்லாத ரூமில் சாகும் சிக்னல்

1. ஈரத் துண்டோடு ஒருவர்

குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வந்த ஒருவர், லாட்ஜில் பதிமூன்றாம் நம்பர் ரூம் வாசலில் ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டு நின்றார். கதவில் நம்பர் பூட்டு. நம்பரை மறந்துவிட்டார். ரிசப்ஷனில் இருந்த முதலாளி தங்கப்பாண்டி அண்ணாச்சி தன் போனிலிருந்தே பூட்டைத் திறக்கப் பார்த்தார். 'ஆஃப்லைன்' என்று வந்தது. மறுபடி அமுக்கினார். அதே பதில். கடைசியில் ரூம் சுத்தம் செய்யும் இசக்கியம்மாள் ஸ்பேர் சாவியோடு ஓடிவந்து திறந்துவிட்டார்.

உடனே தென்காசியில் என் கடைக்குப் போன் வந்தது.

"என்னவே சுப்பையா, பூட்டு மாட்டுனீரா, எனக்கு வேட்டு வச்சீரா? துண்டைக் கட்டிக்கிட்டு ஒரு மனுசன் வாசல்ல நின்னு என் மானத்தை வாங்கிட்டாரு. சீக்கிரம் வாரும்!"

டெலிபோன் கம்பம் ஏறி, கேபிள் இழுத்து, கேமரா மாட்டி, அறுபது வயதில் ஸ்மார்ட் ஹோம் வரை வந்தவன் நான். என் வேலையில் குறை என்று யாராவது சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபம் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2. நான் போனால் மட்டும் வேலை செய்யும்

முதலில் தொழில் விஷயம். அந்த லாட்ஜில் பதினான்கு ரூம், ஒரே வரிசை, கருங்கல் சுவர். ரிசப்ஷனில் இருந்து எல்லாப் பூட்டுக்கும் உத்தரவு அனுப்பும் ஹப் பெட்டியின் சிக்னல் கடைசி ரூம் வரை நேராக எட்டாது. அதனால் ரூமுக்கு ஒரு ஸ்மார்ட் பிளக் போட்டிருந்தேன். தீப்பிடித்த இடத்தில் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுகிறோமே, அப்படி ஒரு பிளக் சிக்னலை வாங்கி அடுத்த பிளக்குக்குக் கொடுக்கும். மெஷ் என்பது இதுதான். கரண்டில் ஓடும் சாமான்தான் கைமாற்றும். பூட்டு பேட்டரியில் ஓடுவது. தனக்கு வருவதை வாங்கிக்கொள்ளுமே தவிர, அடுத்ததற்குத் தராது.

நான் போய்ச் சேர்ந்தபோது பதினான்கு ரூமும் போனில் பச்சையாக இருந்தன. திரும்பி வந்தால் சாயங்காலம் மறுபடி போன். இப்படி மூன்று தடவை. நான் நிற்கும்வரை ஓடும். தலை மறைந்ததும் படுத்துவிடும்.

"சனி ஞாயிறு கூட்டம் நெருக்கும்போது நல்லாத்தான ஓடுது? ஆள் இல்லாத நாள்லதான் சாவுது" என்றார் அண்ணாச்சி.

நியாயமாக அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எரிச்சலில் வாயை விட்டேன்.

"என் வேலை சுத்தம் அண்ணாச்சி. யாரோ உள்ள போயி பிளக்கை நோண்டுதாங்க. வராந்தா கேமராவைப் பாருங்க."

மறுநாள் அவரே கூப்பிட்டார். "ஆளைப் புடிச்சாச்சுவே. நம்ம இசக்கிதான். அவ ரூமுக்குள்ள போயிட்டு வந்த ரெண்டு நிமிசத்துல அந்த ரூம் செத்துப்போவுது. பூட்டைச் சாகடிச்சிட்டு உள்ள என்னத்த எடுக்குதாளோ! இன்னையோட அனுப்பிருதேன். நீரு வந்து எல்லாத்தையும் ஒருக்கா பாத்துட்டுப் போரும்."

3. எரியாத டெஸ்டர்

நான் போனபோது இசக்கியம்மாள் ரிசப்ஷன் வாசலில் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகை முடிந்த முகத்தோடு என்னிடம் சொன்னார்.

"ஒம்பது வருசமா சாவிக்கொத்து எங்கிட்டதான் இருக்கு அண்ணாச்சி. ஒரு சோப்பு கொறைஞ்சதில்ல. இப்ப களவாணின்னு பேராயிட்டு. இனி குத்தாலத்துல எந்த லாட்ஜ்காரன் என்னை உள்ள விடுவான்?"

அவரைத் தாண்டி உள்ளே போனேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

வழக்கமாக நான் வந்தால் அவர்தான் முன்னால் ஓடி எல்லா ரூமையும் திறந்து வைப்பார். அன்றைக்கு யாரும் இல்லை. நானே சாவியை வாங்கி எட்டாம் நம்பரைத் திறந்தேன். சுவிட்சைப் போட்டேன், லைட் எரியவில்லை. பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்தேன், அதுவும் எரியவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, எல்லாம் அப்படியே. கதவுக்குப் பின்னால் இருந்த மெயின் சுவிட்ச் ஒவ்வொரு ரூமிலும் இறக்கி விடப்பட்டிருந்தது. வாளி கைமாற்ற நிறுத்திய ஆள் ஐந்து பேரும் இல்லை. பதிமூன்றாம் ரூமுக்குத் தண்ணீர் எங்கிருந்து போகும்?

நேராக வாசலுக்கு வந்தேன்.

"ஏம்மா இசக்கி, பிளக் மேல கை வச்சியா?"

"அதைத் தொடவே எனக்குப் பயம். ரூம் காலியானா மெயினை எறக்கிருவேன். நீங்க வந்தா ஏத்தி விடுவேன். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே மொதலாளி சொன்னாவல்லா, 'ஆளில்லாத ரூம்ல கரண்டு இருக்கப்பிடாது, மறந்தா வேலை கிடையாது'ன்னு."

அண்ணாச்சி தலையைத் திருப்பினார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே போர்டு தொங்கியது: 'அறையைக் காலி செய்ததும் மெயினை அணைக்கவும். உத்தரவு: நிர்வாகம்.'

"நான்தான் எழுதிப் போட்டேன்" என்றார்.

"தப்பு என்னுது அண்ணாச்சி" என்றேன். "அணைக்கிற லைன்ல கொண்டுபோயி அணையக் கூடாத சாமானை மாட்டிருக்கேன். ஆளையும் மாத்திக் காட்டிட்டேன். என்னை மன்னிச்சிரும்மா."

4. எல்லாவற்றையும் அணையுங்கள்

அன்றைக்கே ரூமுக்குள் இருந்த பிளக்குகளைக் கழற்றினேன். வராந்தாவில் கேமராவுக்காக நானே இழுத்திருந்த இன்வெர்ட்டர் லைன் எப்போதும் உயிரோடு இருப்பது. அதில் இரண்டு ரூமுக்கு ஒன்றாக, சிக்னலைக் கைமாற்றும் ஏழு ரிப்பீட்டர் மாட்டினேன். குரங்கு பிடுங்காமல் இருக்க மூடி போட்ட பெட்டி, அதுவும் பிளாஸ்டிக் பெட்டி. இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் உள்ளேயே கிடந்து சாகும்.

வேலை முடிந்ததும் இசக்கியம்மாளிடம் சாவிக்கொத்தை நீட்டினேன். "எல்லா ரூம் மெயினையும் எறக்கும்மா." அவர் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு கடைசி ரூம் வரை போனார். நானும் அண்ணாச்சியும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். பதினான்கு பூட்டும் பச்சை. ஒன்றுகூட அணையவில்லை. அண்ணாச்சி அமுக்க, பதிமூன்றாம் கதவு 'டக்'கென்று திறந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. அந்த நிம்மதி பூட்டு திறந்ததற்காக இல்லை.

"பையை உள்ள வையிட்டி" என்றார் அண்ணாச்சி.

இசக்கியம்மாள் என்னைப் பார்த்தார். "மூணு தடவ வந்தியளே அண்ணாச்சி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது அதுதான். இப்போது எந்த லாட்ஜுக்குப் போனாலும், எந்த வீட்டுக்குப் போனாலும் பையிலிருந்து ஹப்பை எடுப்பதற்கு முன் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்க்கிறேன். அவரிடம் போய், "இங்கே எதை எப்போது அணைப்பீர்கள்?" என்று கேட்கிறேன். முதலாளியிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.