பெரட்டுக்குப் பிந்திய அணில்

என் புத்தகம் வெளியான அன்றைக்கு ரெங்கம் ஊர்ப் பாலர் பள்ளியில் அம்மா இருந்தார், நான் இருந்தேன், என் கூட்டாளி இருந்தான், இரண்டு டீச்சர்களும் ஒரு ஹால் நிறையப் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்பா இல்லை. சிங்கப்பூரில் அவருக்கு ஓவர்டைம்.

பிள்ளைகளுக்குக் கதை எழுதுவேன், படம் நானே வரைவேன், கதையில் வருவதைப் பொம்மையாகவும் செய்வேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் இப்படி ஆனதில் அப்பாவுக்கு வருத்தம்தான். என் முதல் புத்தகம் ஒரு தூங்குமூஞ்சி அணிலைப் பற்றியது. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுப்பார்களே, அந்தப் பெரட்டுக்கு அது தினமும் பிந்தி ஓடும். கதையும் வசனமும் அம்மா சொல்ல நான் எழுதியவை. ரப்பர் மரக்கட்டையில் அணிலைச் செய்தேன். கயிற்றை இழுத்தால் கால் உதறும். வாலைத் தைத்தது அம்மா. அவருக்கு எழுத்து தெரியாது. படத்தைப் பார்த்தே பக்கம் பக்கமாகச் சொல்வார்.

பிழை திருத்தி அச்சுக்கு அனுப்புவது கல்லூரிக் கூட்டாளியின் பொறுப்பு. எங்கள் வீட்டில் சார்டின் கறியைப் பிசைந்து தின்றபடி அம்மாவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துச் சிரித்தவன் அவன். "இதுல ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேம்மா" என்றான்.

புத்தகப் பெட்டிகள் ஜொகூர் பாருவிலிருந்து அவன் காரில் நேராக ஹாலுக்கே வந்தன. பிரித்த கையோடு பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அம்மா கயிற்றை இழுத்து ஆரம்பித்தார்: "ஐயய்யோ, பெரட்டுக்குப் பிந்திட்டேன், கங்காணி கத்துவானே!"

முன்வரிசைச் சிறுமி வரியில் விரலை வைத்திருந்தாள். "ஆண்டி, இதுல அப்படிப் போடல."

"நல்லாப் பாரு கண்ணு."

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "ஐயகோ, காலை அணிவகுப்புக்குத் தாமதமாகிவிட்டதே! மேற்பார்வையாளர் சினம் கொள்வாரே!"

"ஆண்டிக்குப் படிக்கத் தெரியல!" என்று ஒரு பையன் கத்தினான். ஹாலே சிரித்தது. அடுத்த பக்கத்திலும் அதேதான். அம்மா அணிலை மேசையில் வைத்தார். "டீச்சரே படிக்கட்டும்."

கூட்டாளியை வெளியே இழுத்துப் போனேன். "யாரைக் கேட்டுடா மாத்தின?"

"சின்னத் திருத்தம்தான் மச்சான். எஸ்டேட் பாஷையில போட்டா எந்த ஸ்கூலு வாங்கும்லா? நீ எனக்குத் தேங்க்ஸ் சொல்லணும்."

"எங்கம்மாகிட்ட என்ன சொன்ன?"

"அவங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே. எப்படிக் கண்டுபிடிக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

இதை அவன் குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னான்.

வீடு திரும்பும்போது அம்மா பஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டார். "என் பேச்சு உனக்குக் கூச்சமா இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, தம்பி?"

"நான் மாத்தலம்மா. அவன் செஞ்சது."

"உன் புத்தகம். உனக்குத் தெரியாமலா?"

எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. அதை எத்தனை விதமாகச் சொன்னாலும் சாக்குச் சொல்வதுபோலவே இருந்தது.

அத்தனை புத்தகங்களையும் ஒதுக்கிவிட்டு, அம்மாவின் வசனத்தோடு மறுபடி அச்சடிக்க முடிவு செய்தேன். "நான் செஞ்சது தப்பே இல்ல" என்று கூட்டாளி செலவில் பங்கு தர மறுத்தான். கேண்டீன் வேலையில் சேர்த்ததை எடுத்துவந்து செலவில் பாதியை அம்மா கொடுத்தார். "அச்சடிச்சுக்கோ. இனிமே என்னைக் கதை சொல்லக் கூப்பிடாத."

புதுப் புத்தகம் வந்ததும் வசனத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா துணி மடித்துக்கொண்டே "ம்" என்றார். என்னை நம்பினாரா, தெரியவில்லை. எங்கள் இருவருக்குமாகச் செலவு நாலாயிரத்து அறுநூறு மலேசிய வெள்ளி.